கார்மைக்கேலின் 2001: ஒரு முன்கணிப்பின் வரலாறு

போருக்குப் புறப்படும் முன் ஊரின் எல்லையில் நின்று நற்சொல் கேட்கும் வழக்கம் நம் முன்னோரிடம் இருந்தது. விரிச்சி என்று அதற்குப் பெயர். தொல்காப்பியம் அதனை வெட்சித் திணைக்குள் வைத்துப் பேசுகிறது. முல்லைப்பாட்டில் முதுபெண்டிர் நெல்லும் முல்லையும் தூவி நிற்க, தாய்ப்பசுவைப் பிரிந்து வருந்தும் கன்றுக்கு ஆயர்மகள் ஒருத்தி சொல்லும் ஆறுதல் மொழியே நற்சொல்லாக வந்து வாய்க்கிறது. நாளை நடக்கவிருப்பதை இன்றே அறிந்துகொள்ள மனிதனுக்கு உள்ள தவிப்பு அத்தனை பழையது.

அமெரிக்காவில் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் மாதத்தில் இத்தவிப்பு ஒரு குறிப்பிட்ட கூட்டத்தாரைப் பிடித்து ஆட்டும். அவர்கள் சூப்பர்கிராஸ் என்னும் மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் ரசிகர்கள். ஜனவரி முதல் வாரத்தில் தொடங்கும் பருவத்தில் பட்டம் யாருக்கு என்பதே அவர்களுடைய பேச்சு. கல்வெட்டும் காப்பியமும் பேசிப் பழகிய நாம் இப்பந்தயத்தின் பக்கம் திரும்பியதற்குக் காரணம் உண்டு. வரலாறு படிப்போர் அனைவருக்கும் உள்ள நோய் ஒன்று, முடிவு தெரிந்த பின் தொடக்கத்தைப் படிப்பது. வென்றவன் வெல்லவே பிறந்தவன் போலவும், தோற்றவன் முதலிலிருந்தே தள்ளாடியவன் போலவும் நமக்குத் தோன்றிவிடுகிறது. இந்நோய்க்கு மருந்தாக ஒரு பயிற்சி செய்து பார்க்கலாம். 2000ஆம் ஆண்டு டிசம்பரில் போய் நிற்போம். ரிக்கி கார்மைக்கேல் என்னும் இருபத்தொரு வயது இளைஞனுக்கு 2001ஆம் பருவத்தில் வெற்றி வாய்ப்பு எவ்வளவு என்று, அன்று கையில் இருந்த சான்றுகளை மட்டும் வைத்துக் கணக்கிடுவோம்.

அதற்கு முன் ஆட்டத்தின் இயல்பைச் சற்றே சொல்லவேண்டும். மேடும் பள்ளமுமான இயற்கை நிலத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் பந்தயம் இங்கிலாந்தில் 1920களில் வேர்விட்டது. பின்னர் அது மோட்டோகிராஸ் என்று பெயர் பெற்றது. அதனை ஊருக்குள் கொண்டுவந்து, விளையாட்டரங்கினுள் மண்ணைக் கொட்டி, விளக்கொளியில் நடத்தினால் என்ன என்னும் எண்ணத்தின் விளைவே சூப்பர்கிராஸ். பாரிஸ் நகரை அடுத்த மோன்ட்ரூஜில் 1948இலேயே அரங்கினுள் ஒரு பந்தயம் நடந்திருக்கிறது என்றாலும், இன்றைய வடிவத்துக்கு வித்தாக அமைந்தது 1972 ஜூலை 8 அன்று லாஸ் ஏஞ்சலஸ் கொலீசியம் அரங்கில் நடந்த பந்தயமே. அதில் வென்ற மார்ட்டி டிரைப்ஸுக்கு அப்போது வயது பதினாறு! அப்பந்தயத்தை நடத்திய மைக் குட்வின், பழைய தொழிற்கூட்டாளி ஒருவரையும் அவர் மனைவியையும் 1988இல் கொலை செய்வித்த குற்றத்துக்காக 2007இல் தண்டிக்கப்பட்டார் என்பது இவ்விளையாட்டின் வரலாற்றில் ஒட்டிக்கொண்டிருக்கும் இருண்ட கிளைக்கதை. 1974 முதல் ஆண்டுதோறும் பட்டத்துக்கான தொடர் நடந்து வருகிறது.

திறந்தவெளி மோட்டோகிராஸில் தடம் நீளமானது. குன்றும் சரிவும் இயற்கை தந்தவை. உடல் வலிமையும் துணிவும் அங்கே நெடுந்தூரம் கொண்டுசெல்லும். அரங்கினுள் நடப்பது வேறு. நூற்றுக்கணக்கான லாரிகளில் மண் வந்து இறங்கும். சில நாட்களில் அது மும்மடித் தாவல் மேடுகளாகவும், நெருக்கமான அலைகள் போன்ற சிறு மேட்டு வரிசைகளாகவும், சுவர் போல் எழும்பிய வளைவுகளாகவும் உருமாறும். ஒரு சுற்றை முடிக்க ஒரு நிமிடம் போல ஆகும். கார்மைக்கேலின் காலத்தில் இறுதிப் பந்தயத்துக்கு இருபது சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் பலமுறை வண்டியோடு வானில் எழும்பி, அடுத்த மேட்டின் இறங்குசரிவில் மிகச் சரியாக வந்து விழவேண்டும். ஓரடி முன்பின் ஆனால் தாளம் தப்பும். தாளம் தப்பினால் அடுத்த மேடு எதிரியாகிவிடும். இசையறிந்த நண்பர் ஒருவரிடம் இதனை விளக்கியபோது, 'கதி பிசகாமல் தனியாவர்த்தனம் வாசிப்பது போல' என்றார். நமக்கு அது பொருத்தமாகவே பட்டது. வாசிப்பவரின் எலும்பு முறிவதில்லை என்பது ஒன்றே வேறுபாடு.

ஆகவே திறந்தவெளியில் சக்கரவர்த்தியாக விளங்கியவர் அரங்கினுள்ளும் அவ்வாறே விளங்குவார் என்று சொல்வதற்கில்லை. புரோக் குளோவர் ஆறுமுறை தேசிய மோட்டோகிராஸ் பட்டம் வென்றவர். சூப்பர்கிராஸ் பட்டம் அவருக்கு ஒருமுறை கூடக் கிட்டவில்லை.

இனி நம் கணக்குக்கு வருவோம். திருக்குறளின் வலியறிதல் அதிகாரம், ஒரு செயலில் இறங்குமுன் எடைபோட வேண்டியவற்றைச் சொல்கிறது. எடுத்த செயலின் கடுமை, தன் ஆற்றல், எதிரியின் ஆற்றல், துணைநிற்போரின் ஆற்றல். இவற்றை விடச் சிறந்த அளவுகோலை நாம் கண்டதில்லை.

எதிரியிலிருந்து தொடங்குவதே முறை. ஏனெனில் அன்றைய சூப்பர்கிராஸ் என்பதே அந்த எதிரிதான். ஜெரிமி மெக்ராத், கலிஃபோர்னியாக்காரர். சிறுவயதில் மிதிவண்டிப் பந்தயத்தில் பழகி, அங்கே கற்ற தாவல் நுட்பத்தை மோட்டார் சைக்கிளுக்குக் கொண்டுவந்தவர். மற்றவர்கள் மேடுகளில் உயர எழும்பி நேரத்தை வானில் கரைத்துக்கொண்டிருக்க, இவர் தரையைத் தழுவினாற்போல் தாழப் பறந்து முன்னே சென்றுவிடுவார். வெற்றி உறுதியான பின் ஒரு காலை வண்டிக்குப் பின்புறமாக மறுபக்கம் வீசிக்காட்டும் வித்தை வேறு. கூட்டம் அதற்காகவே வந்தது. 1993 முதல் 1996 வரை தொடர்ந்து நான்கு பட்டங்கள். 1996இல் 15 பந்தயங்களில் 14 வெற்றி, அவற்றுள் 13 தொடர்ச்சியாக. 1997இல் ஜெஃப் எமிக் இடையில் புகுந்து பட்டத்தை எடுத்துக்கொண்டார். 1998, 1999, 2000 மறுபடி மெக்ராத். எட்டு ஆண்டுகளில் பட்டத்தின் மேல் இரண்டே பெயர்கள், அவற்றுள் ஏழுமுறை ஒரே பெயர். 2000ஆம் ஆண்டில் மட்டும் பத்து வெற்றிகள். முதுமையின் அறிகுறி எங்கும் இல்லை. வயது 29 என்பது ஒன்றுதான் அவருக்கு எதிரான சான்று.

இனிக் கார்மைக்கேல். ஃபுளோரிடா மாநிலத்தவர். உருவில் குள்ளம், உடற்கட்டில் உரம். 1997, 1998, 1999 என மூன்று ஆண்டுகள் 125 சிசி பிரிவில் திறந்தவெளித் தேசியப் பட்டம். 1998இல் கிழக்கு மண்டல 125 சிசி சூப்பர்கிராஸ் தொடரின் எட்டுப் பந்தயங்களிலும் வெற்றி. இத்தனை பெருமையோடு 1999இல் பெரிய வண்டியான 250 சிசி பிரிவில் அரங்கினுள் நுழைந்தார். நுழைந்தவர் விழுந்தார். எழுந்து மறுபடி விழுந்தார். வேகத்தில் குறையில்லை, அந்த வேகத்தைக் கட்டுக்குள் வைக்கத்தான் தெரியவில்லை. ஒரு வெற்றிகூட இல்லாமல் அந்தப் பருவம் கழிந்தது.

2000இல் ஒரே ஒரு வெற்றி, டேட்டோனாவில். அவ்வெற்றியையும் ஐயத்தோடு பார்க்க இடமிருந்தது. டேட்டோனா கார்ப்பந்தய மைதானத்தில் அமைக்கப்படும் தடம் மற்ற அரங்குகளைப் போன்றதன்று. நீளமும் மணலும் கரடுமுரடும் கூடி, பாதி திறந்தவெளிப் பந்தயம் போல இருக்கும். ஆகவே, 'பாருங்கள், இவர் வெளியில் ஓட்டுகிறவர், டேட்டோனாவில் வென்றதே அதற்குச் சான்று' என்று வாதிட ஒருவருக்கு எல்லா நியாயமும் இருந்திருக்கும். அதே ஆண்டுக் கோடையில் 250 சிசி திறந்தவெளிப் பட்டத்தை முதல் முயற்சியிலேயே அவர் வென்றார். அந்த வாதத்துக்கு அதுவும் வலுவே சேர்த்தது. போதாக்குறைக்கு மெக்ராத்துக்கு அடுத்த இடத்தில் 2000ஆம் பருவத்தை முடித்தவர் கார்மைக்கேல் அல்லர், டேவிட் வுய்மான் என்னும் பிரெஞ்சுக்காரர். ஆக, அரியணைக்கு அருகில் வேறொருவர் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார்.

நேர்மையான கணக்காளர் ஒருவர் இச்சான்றுகளை வைத்து என்ன முடிவுக்கு வந்திருப்பார்? பட்டம் மெக்ராத்துக்கே, வுய்மான் நெருக்குவார், கார்மைக்கேல் மூன்று நான்கு பந்தயங்கள் வெல்லலாம், இரண்டொன்றில் விழலாம். நாமாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்போம். அதில் அறியாமை ஏதுமில்லை.

ஆனால் வலியறிதலின் நான்காவது அளவுகோலை நாம் இன்னும் தொடவில்லை. துணைநிற்போர். கார்மைக்கேலின் துணைவலி என்றால் முதலில் அவர் தாய் ஜீனிதான். சிறுவயது முதல் மகனுக்கு அருகில் நின்று, சுற்றுக்குச் சுற்று நேரம் பார்த்து, ஓய்வு கொடுக்காமல் ஓட்டவைத்தவர். திறந்தவெளியில் அவர் காட்டிய தளராமையின் ஊற்று அங்கேதான் இருக்கிறது. ஆயினும் உணவும் உடல் எடையும் அவருக்கு அப்போது சிக்கலாகவே இருந்தன. அரங்கினுள் அது கொல்லும். வண்டியின் கைப்பிடியை இறுகப் பற்றி, ஒவ்வோர் இறக்கத்தின் அதிர்ச்சியையும் வாங்கிக்கொண்டே இருந்தால், சில சுற்றுகளில் முன்கைகள் வீங்கி இறுகிவிடும். விரல்கள் சொன்னபடி கேட்கமாட்டா. பிரேக்கைத் தொடவேண்டிய நொடி தவறும். 1999இல் கண்ட வீழ்ச்சிகளை வெறும் பதற்றம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. களைத்த உடல் செய்யும் பிழைகளும் அவற்றுள் உண்டு என்றே நாம் கருதுகிறோம்.

2000ஆம் ஆண்டில் ஆல்டன் பேக்கர் என்பவர் கார்மைக்கேலின் பயிற்சியாளராகச் சேர்ந்தார். தென்னாப்பிரிக்கர், மலைமிதிவண்டிப் பந்தயங்களில் ஓட்டியவர், மோட்டார் சைக்கிள் உலகுக்குப் புதியவர். அவர் கொண்டுவந்தவை எளியவை. அளந்த உணவு, அளந்த உறக்கம், மணிக்கணக்கில் மிதிவண்டி ஓட்டம், இதயத் துடிப்பைக் கணக்கிட்டுச் செய்யும் உழைப்பு. அன்றைய சூப்பர்கிராஸ் வீரர்களில் பலர் திறமையால் ஓட்டியவர்கள். பந்தயம் முடிந்தால் கேளிக்கை, அடுத்த வாரம் மறுபடி பந்தயம் என்று வாழ்ந்தவர்கள். உலகின் தலைசிறந்த மிதிவண்டி வீரனைப் போல ஒரு மோட்டார் சைக்கிள் வீரன் வாழவேண்டும் என்னும் கருத்து அங்கே புதுமை. கார்மைக்கேல் எடையைக் குறைத்தார். டிசம்பரில் அவரை நேரில் பார்த்தவர்களுக்கு உருமாற்றம் தெரிந்திருக்கும். ஆயினும் வெற்றிப் பட்டியலைப் பார்த்துக் கணக்கிடுபவருக்கு இது எப்படித் தெரியும்? பட்டியலில் உடல் எடைக்குக் கட்டம் இல்லையே!

பருவம் 2001 ஜனவரி 6 அன்று அனாஹைமில் தொடங்கியது. வென்றவர் மெக்ராத். அடுத்த வாரம் சான் டியேகோவில் கார்மைக்கேல். மூன்றாம் வாரம் மறுபடி அனாஹைம், மறுபடி மெக்ராத். மூன்று பந்தயங்கள் முடிந்தபோது இரண்டு மெக்ராத்துக்கு, ஒன்று கார்மைக்கேலுக்கு. அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நம் நேர்மையான கணக்காளர் தம் கணிப்பைப் பெருமையோடு எடுத்துப் பார்த்திருப்பார். மெக்ராத்தின் 72ஆம் வெற்றி அது. அவர் வாழ்நாளின் கடைசி வெற்றியும் அதுவே என்று அன்று யாருக்குத் தெரியும்?

நான்காம் பந்தயம் பீனிக்ஸில். இருவரும் ஒருவரையொருவர் முந்தி, முந்தப்பட்டு, மீண்டும் முந்திய அந்த இரவைச் சூப்பர்கிராஸ் ரசிகர்கள் இன்றும் பேசுகிறார்கள். மெக்ராத் தமக்குத் தெரிந்த எல்லாவற்றையும் காட்டினார். ஒவ்வொரு முறை முந்தப்பட்ட போதும் கார்மைக்கேல் திரும்பி வந்தார். இறுதியில் வென்றார். அதன் பின் பருவம் முடியும்வரை வேறு எவரும் வெல்லவில்லை. 16 பந்தயங்களில் 14 வெற்றி, அவற்றுள் 13 தொடர்ச்சியாக. மெக்ராத் 1996இல் நிறுத்திய அதே 13. அசைக்க முடியாதது என்று கருதப்பட்ட எல்லைக்கல்லை ஐந்தே ஆண்டுகளில் அவர் எதிரிலேயே ஒருவன் வந்து தொட்டுவிட்டான்.

கூட்டம் இதற்காகக் கார்மைக்கேலை உச்சிமோந்து கொண்டாடவில்லை. தம் நாயகனை வீழ்த்தியவனை அரங்குகள் கூச்சலிட்டு இகழ்ந்தன. வித்தை காட்டாமல், சிரித்து மயக்காமல், முதல் சுற்றிலிருந்து கடைசிச் சுற்றுவரை ஒரே மூச்சில் ஓட்டிப்போகும் ஒருவரை நேசிக்க அவர்களுக்குச் சில ஆண்டுகள் ஆயின. பழைய அரசனின் குடிகள் புதிய அரசனை ஏற்கக் காலம் எடுத்துக்கொள்வது நமக்குப் புதிய செய்தியன்று.

இவ்வளவில் நிறுத்திக்கொண்டால், 'பயிற்சியைக் கவனித்திருந்தால் முன்பே சொல்லியிருக்கலாம்' என்னும் முடிவுக்கு வந்துவிடுவோம். அதுவும் பின்னறிவின் இன்னொரு வேடமே. ஏனெனில் அதே அளவு உழைத்து, அதே அளவு ஓங்கி நின்று, பட்டத்தை இழந்தவர்களும் இவ்வரலாற்றில் இருக்கிறார்கள்.

1989ஐ எடுத்துக்கொள்வோம். ரிக் ஜான்சன் 1986, 1988 ஆண்டுகளின் பட்டம் வென்றவர். 1989இன் தொடக்கப் பந்தயங்களில் அவரைத் தொட ஆளில்லை. மார்ச் மாதம் ஃபுளோரிடாவில் திறந்தவெளித் தொடரின் முதல் பந்தயம். அதுவும் பந்தயம்கூட அன்று, அதற்கு முந்தைய பயிற்சி ஓட்டம். மேட்டில் தாவிவந்த வேறொரு வீரரின் வண்டி ஜான்சனின் மேல் இறங்கியது. மணிக்கட்டு நொறுங்கியது. அப்பருவத்தின் சூப்பர்கிராஸ் பட்டம் அவருடைய ஹோண்டா அணியைச் சேர்ந்த ஜெஃப் ஸ்டான்டனுக்குப் போயிற்று. ஜான்சன் திரும்பி வந்தார்; ஆனால் அந்த மணிக்கட்டு பழைய மணிக்கட்டாகத் திரும்பவில்லை. 1991இல் ஓய்வு பெற்றார். 1988 டிசம்பரில் ஒருவர், '1989இல் ஜான்சனே' என்று எழுதியிருந்தால் அவருடைய கணிப்பில் குற்றம் காண இடமே இல்லை. நடந்தது அவர் கணித்ததற்கு நேர்மாறு.

1982இல் பட்டம் வென்ற டானி ஹேன்சன் அதே ஆண்டு ஐரோப்பாவில் தலையில் அடிபட்டு, அதன்பின் பழைய நிலைக்கு மீளவே இல்லை. 1983இல் வென்ற டேவிட் பெய்லி 1987 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் ஒரு சிறு பந்தயத்தில் விழுந்து இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தார். பின்னாளில் கையால் இயக்கும் வண்டியில் ஹவாயின் கடுமையான அயர்ன்மேன் போட்டியை 2000இல் வென்ற மன உறுதி அவருடையது. 1979 வரை மூன்று பட்டங்களைத் தொடர்ந்து வென்ற பாப் ஹன்னா, பந்தயத்தில் அல்ல, ஆற்றில் நீர்ச்சறுக்கு விளையாடும்போது கால் நொறுங்கி 1980 முழுவதையும் இழந்தார். எந்தக் கணக்காளரின் ஏட்டில் ஆறு இருந்தது?

இங்கே புள்ளிமுறையையும் சொல்லவேண்டும். இவ்விளையாட்டின் கொடுமை முழுவதும் அதற்குள் அடங்கியிருக்கிறது. கார்மைக்கேலின் காலத்தில் முதலிடத்துக்கு 25 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 22, மூன்றாமிடத்துக்கு 20. வென்றவனுக்கும் அடுத்தவனுக்கும் இடையே மூன்றே புள்ளி. ஒருவர் ஒரே ஒரு பந்தயத்தில் எழமுடியாமல் விழுந்து, போட்டியாளர் அதில் வென்றுவிட்டால் இழப்பு 25. அதனை ஈடுகட்டி முந்த, போட்டியாளர் இரண்டாவதாக வந்துகொண்டே இருப்பாராயின், ஒன்பது பந்தயங்களை வெல்லவேண்டும். ஒரு நொடிப் பிழைக்கு ஒன்பது வார வெற்றி விலை! பருவமே பதினாறு பந்தயங்கள்தான்.

1992இல் டேமன் பிராட்ஷா ஒன்பது பந்தயங்களை வென்றார். அவரை விட அந்த ஆண்டு மிகுதியாக வென்றவர் எவருமிலர். பருவத்தின் இறுதிப் பந்தயம் லாஸ் ஏஞ்சலஸில். நகரில் கலவரம் மூண்டதால் ஜூலைக்குத் தள்ளிப்போயிற்று. முன்னணியில் இருந்தவர் பிராட்ஷா. அன்றிரவு அவருடைய ஓட்டம் ஏதோ ஒரு பாரத்தைச் சுமந்ததுபோல் இருந்தது. ஸ்டான்டன் பந்தயத்தையும் வென்றார், பட்டத்தையும் எடுத்துக்கொண்டார். வித்தியாசம் மூன்று புள்ளி. ஒரு முதலிடத்துக்கும் ஓர் இரண்டாமிடத்துக்கும் உள்ள அதே மூன்று. அடுத்த ஆண்டிலேயே, இருபத்தொரு வயதில், பிராட்ஷா பந்தயத்தை விட்டு விலகினார். பின்னர் திரும்பி வந்தார் என்றாலும் பட்டம் அவருக்குக் கிட்டவே இல்லை. கார்மைக்கேல் தம் முதல் பட்டத்தைத் தேடிப் புறப்பட்டதும் இருபத்தொரு வயதில்தான் என்பதை எண்ணும்போது நம் மனம் சற்றே கனக்கிறது.

கார்மைக்கேலே இப்புள்ளிக் கணக்கின் இரு பக்கங்களையும் கண்டவர். 2002இல் கவாசாகியை விட்டு ஹோண்டாவுக்கு மாறி, அனாஹைமில் முதல் பந்தயத்திலேயே கடுமையாக விழுந்தார். மேலே சொன்ன ஒன்பது வார விலையை அவர் உண்மையிலேயே கொடுக்கவேண்டியதாயிற்று. மீதமிருந்த பதினைந்தில் பதினொன்றை வென்று பட்டத்தைக் காத்தார். 2003இல் நிலை தலைகீழ். ஆஸ்திரேலியரான சாட் ரீட் எட்டுப் பந்தயங்கள் வென்றார், கார்மைக்கேல் ஏழு. பட்டமோ கார்மைக்கேலுக்கு. வெல்லாத நாட்களிலும் கீழே போகாமல் நின்றதற்குக் கிடைத்த பரிசு அது. 1999இல் விழுந்து விழுந்து எழுந்த இளைஞன் நான்கே ஆண்டுகளில் விழாமையின் அருமையைக் கற்றுவிட்டிருந்தான். 14 வெற்றிகள் கண்ட 2001ஐ விட இந்த 2003ஐயே அவருடைய அரிய சாதனையாக நாம் மதிக்கிறோம். நண்பர்கள் இதில் மாறுபடலாம். 2004இல் முழங்கால் காயத்தால் சூப்பர்கிராஸ் பருவம் முழுவதையும் அவர் இழந்தார்; பட்டம் ரீடுக்குப் போயிற்று. 2005, 2006 மறுபடி கார்மைக்கேல். ஆக மொத்தம் ஐந்து பட்டங்கள், 48 வெற்றிகள்.

மெக்ராத்தின் முடிவு அமைதியாக வந்தது. 2003ஆம் பருவத்துக்கு கேடிஎம் அணியில் சேர்ந்தார். பருவம் தொடங்குமுன் பயிற்சியில் விழுந்து இடுப்பில் அடிபட்டார். அனாஹைம் தொடக்க நாளில் ஓய்வை அறிவித்தார். அப்போது வயது 31.

இங்கேதான் 2000ஆம் ஆண்டின் அந்த மாற்றத்துக்கு இன்னொரு பக்கம் இருப்பதும் தெரிகிறது. கார்மைக்கேல் வென்ற பின், பேக்கரின் முறை இவ்விளையாட்டின் பொதுநெறியாயிற்று. வெல்ல விரும்புவோர் துறவிகளைப் போல வாழத் தலைப்பட்டனர். ரயன் வில்லோபோட்டோ பேக்கரிடம் பயின்று 2011 முதல் 2014 வரை நான்கு பட்டங்கள் வென்றார். ரயன் டங்கி அவரிடம் வந்து 2015, 2016, 2017 பட்டங்களை வென்றார். முறை பலித்தது என்பதில் ஐயமே இல்லை. ஆனால் வயதைப் பாருங்கள். கார்மைக்கேல் 2007இல் மோட்டார் சைக்கிள் பந்தயத்தை விட்டு, கார்ப்பந்தயம் பக்கம் போனபோது வயது 27. வில்லோபோட்டோ நான்காம் பட்டத்தோடு சூப்பர்கிராஸை விட்டபோது 25. அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் அடிபட்டு ஓய்வு பெற்றபோது 26. டங்கி, பட்டம் வென்ற அதே மாதத்தில், 27ஆம் வயதில் விலகினார். மூவரும் தோற்று விலகியவர்கள் அல்லர். அளந்த சோறும் அளந்த உறக்கமும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் மனம் என்னவாகும் என்பதற்கு அவ்வயதுகளே விடை என்று நமக்குத் தோன்றுகிறது. மறுபுறம், அவர்களை விடக் குறைவான பட்டங்கள் வென்ற சாட் ரீட் 2020 வரை, 38 வயது வரை, ஓட்டிக்கொண்டே இருந்தார்.

துறவுநெறி எலும்பைக் காப்பதுமில்லை. 2023இல் ஈலை டோமக் பட்டத்துக்கு மிக அருகில் இருந்தார். முப்பது வயது; புள்ளிப்பட்டியலில் முன்னணி; எஞ்சியவை இரண்டே பந்தயங்கள்; முதலாவது அவருடைய சொந்த மாநிலமான கொலராடோவில், டென்வர் நகரில். சொந்த மண்ணின் கூட்டம் ஆர்ப்பரிக்க முதலிடத்தில் ஓடிக்கொண்டிருந்தார். விழவில்லை, எவரும் மோதவில்லை. ஒரு தாவலுக்குப் பின் இறங்கியபோது குதிகால் நரம்பு அறுந்தது. வண்டியை ஓரமாக நிறுத்தினார். அன்றிரவே பட்டம் சேஸ் செக்ஸ்டனுடையதாயிற்று. அந்த நிமிடம்வரை எழுதப்பட்ட எல்லா முன்கணிப்புகளும் சரியாகவே இருந்தன.